நாலாகிப்போன ஏழு

போன வாரம் பள்ளிக்கு எதிரேயுள்ள நகல் கடையில் ஒரு பழைய தாளை லேமினேட் செய்யக் கொடுத்தேன். நாலாக மடித்து மடித்து, மடிப்புக் கோடுகளில் துணிபோல் நைந்துபோன தாள். கடைக்காரச் சீனர் அதை மேசைமேல் விரித்து, கிழிந்துவிடுமோ என்று விரல் நுனியால் மெதுவாக நீவிவிட்டார். "சிஜில்கா, சிக்கு?" என்று கேட்டார். சான்றிதழா, டீச்சர் என்கிறார். இல்லை என்றால் பிறகு என்ன என்று விளக்க வேண்டும். தலையாட்டி வைத்தேன். இயந்திரம் சூடாகும்வரை அவர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒட்டிவிட்டால் பிறகு பிரிக்க முடியாது, யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். யோசித்துவிட்டேன் என்றேன். பொதுவாக நான் எதையும் ஒருமுறை யோசித்து விடுகிறவள் அல்ல. கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் காரைத் திருப்புகிறவள். இந்த ஒன்றில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை, அல்லது இல்லை என்று அன்றைக்குத் தோன்றியது.

அது எனக்குப் பதினாலு வயதில் கிடைத்த மதிப்பெண் தாள். டிரஸாஜ் என்ற குதிரைப் போட்டியில், பழகுநர் பிரிவு. வேகத்துக்கும் தாண்டுதலுக்கும் அதில் வேலையில்லை. நாற்பது மீட்டர் நீளக் களத்தின் ஓரங்களில் எழுத்துப் பலகைகள் வைத்திருப்பார்கள். இந்த எழுத்தில் நுழை, அந்த எழுத்தில் நில், இங்கே நடக்க விடு, அங்கே மெல்லோட்டமாக ஒரு வட்டம் போடு என்று வரிசையாகச் செய்துகாட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று நடுவர் சொல்லச் சொல்ல, பக்கத்தில் ஒருவர் எழுதுவார். என் தாளில் ஏழாவது வரி, இருபது மீட்டர் வட்டம். அங்கே நீல மையில் ஏழு என்று எழுதி, ஒரே கோட்டால் அடித்து, மேலே நாலு என்று எழுதியிருக்கிறது. பக்கத்தில் நடுவரின் இரண்டெழுத்துக் கையெழுத்து. காரணம் எழுத வேண்டிய கட்டம் காலி.

அந்த நடுவரை நாங்கள் எல்லாரும் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அவருடைய அப்பா ஈப்போவுக்கு வெளியே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். அதே தோட்டத்தில் என் தாத்தா பால் மரம் வெட்டினார், ரப்பர்ப் பால் இறக்கும் கூலி வேலை. பிறகு தோட்டம் போய்விட்டது. பாதி எண்ணெய்க்கான செம்பனை ஆனது, பாதி வீடமைப்பு ஆனது, துரை பங்களா இருந்த மேட்டில் மட்டும் ஒரு குதிரைச் சவாரி மையம் வந்தது. என் அப்பா அங்கே சைஸ் வேலை பார்த்தார். குதிரைகளுக்குத் தீனி, குளியல், லாயம் கூட்டுவது, லாடத்தில் கல் எடுப்பது எல்லாம் அவர் வேலை. மேடம் வருஷத்துக்கு நாலைந்து முறை வெள்ளைக் காரில் வருவார், களத்தின் தலைப்பக்கத்தில் 'சி' எழுத்துக்கு நேராகக் காரை நிறுத்துவார், அதற்குள்ளேயே உட்கார்ந்து தீர்ப்பு சொல்வார். வெயிலோ மழையோ கண்ணாடி பாதிதான் இறங்கியிருக்கும்.

நான் ஓட்டியது பந்தயத்திலிருந்து கழித்துவிட்ட ஒரு கிழட்டுக் குதிரை. இடது பக்கம் திரும்பும்போது இடுப்பு கொஞ்சம் இழுக்கும். பள்ளி இல்லாத காலைகளில் அதை உடம்பு விறைக்காமல் நடத்தி வரும் வேலையை அப்பா எனக்கு விட்டிருந்தார். நடத்துவது ஓட்டுவதானது எப்போது என்று எனக்கும் நினைவில்லை. அந்த வருஷம் பழகுநர் பிரிவில் ஒரு பெயர் குறைந்ததால் மையத்து மேலாளர் என்னைச் சேர்த்துக்கொண்டார். முதல் பரிசு, ஒரு வருஷம் இலவசப் பயிற்சி. கோப்பை கீப்பை எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு வருஷம் வேண்டியிருந்தது. யாருடைய குதிரையையோ நடத்தப் போகிற சாக்கில் அல்லாமல், பெயர் எழுதிய அட்டவணையில் என் பெயரும் இருக்க, ஒரு ஆசிரியர் நடுவில் நின்று எனக்குச் சொல்லித்தர.

வட்டத்தை நான் நன்றாகப் போட்டேன். இதை என்னால் எந்தச் சந்தேகமும் இல்லாமல் சொல்ல முடிகிறது. என் வாழ்க்கையில் இப்படிச் சொல்லக்கூடிய விஷயங்கள் மிகக் குறைவு. வலப்பக்கத்து வட்டம், குதிரைக்கு வலிக்காத பக்கம். அதன் காது இரண்டும் தளர்ந்து பக்கவாட்டில் சாய்ந்திருந்தன. குளம்புச் சத்தம் சுவர்க்கடிகாரம்போல் ஒரே சீராக இருந்தது. மூன்றாவது இடம் கிடைத்தது. இரண்டாவது பிள்ளை என்னைவிட ஒரு மதிப்பெண்ணும், முதலில் வந்தவள் இரண்டு மதிப்பெண்ணும் கூட. தாளில் அடிபட்டிருந்தது மூன்று. அந்தக் கழித்தலை நான் லாயத்து வாசலில் நின்று விரல்விட்டுச் செய்தேன்.

கேட்கப் போகாதே என்று அப்பா சொன்னார். நான் போனேன். மேடம் காரில் பிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தார். தாளை நீட்டி, இது ஏன் மேடம் என்றேன். கோபப்படவில்லை. ஒளிக்கவும் இல்லை. "நல்ல வட்டந்தான் பிள்ளை," என்றார். "ஆனா நீர் குதிரைக் கொட்டகையிலயே வளர்ற ஆள். இது பழகுற பிள்ளையளுக்கு. நாள் முழுக்கக் குதிரையோட நிக்கிற உமக்கு ஏழு போட்டா, கிழமைக்கு ஒருக்கா வந்து பழகுற பிள்ளையளுக்கு நான் என்ன போடுறது?" பிறகு மூடியில் இருந்த காபியை ஊதிக் குடித்தார்.

தாளை மடித்துக்கொண்டு திரும்பி வந்தேன். அவர் கேள்விக்குப் பதில் இன்றைக்குத் தெரியும். பழகுநர் பிரிவுக்கு அளவுகோல் ஒன்றுதான். கண்முன் நடந்தது என்னவோ அதற்குத்தான் மதிப்பெண். குதிரை எத்தனை விலை, ஓட்டுகிற பிள்ளை எங்கே பிறந்தது, எத்தனை மணி நேரம் பழகியது என்பதற்கெல்லாம் அந்தத் தாளில் கட்டமே கிடையாது. பெரிய பிரிவுகளில் மூன்று நடுவர்கள் மூன்று பக்கம் இருப்பார்கள், ஒருவர் தவறினால் மற்றவர் எண் காட்டிக்கொடுக்கும். பழகுநர் பிரிவில் ஒரே ஒருவர். சின்னப் பிள்ளைகள்தானே என்று அங்கேதான் எல்லாரும் அளவைத் தளர்த்துகிறார்கள், இறுக்குகிறார்கள், இஷ்டத்துக்கு வளைக்கிறார்கள். அந்த எண்ணைத்தான் பிள்ளை வாழ்நாள் முழுக்க நம்பும்.

அப்பா குதிரையைக் கழுவிக்கொண்டிருந்தார். "அழுவாத லா," என்றார். "குதிரைக்கு ஒண்ணும் ஆவல, உனக்கும் ஒண்ணும் ஆவல. அது போதும்." அடுத்த மாதத்திலிருந்து காலை நேரத்தில் குதிரையை நடத்த என்னை அவர் கூப்பிடவில்லை. மையத்தில் யாராவது ஏதாவது சொன்னார்களா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. சீருடை போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியில் மேட்டில் குளம்புச் சத்தம் கேட்டால் மறுபக்கம் பார்த்துக்கொண்டு நடப்பேன்.

பதினெட்டு வயதில், பள்ளியின் கடைசி வகுப்பான படிவம் ஆறு படிக்கும்போது, மேடத்துக்கு மதிப்பெண் எழுத ஆள் தேவை என்று மையத்தில் சொன்னார்கள். என் கையெழுத்து அழகாக இருக்கும். சம்மதித்தேன். எல்லாரும் நான் பழசை மறந்துவிட்டேன் என்று நினைத்தார்கள். நான் அவர் பக்கத்து இருக்கையில் உட்கார விரும்பியதற்கு ஒரே காரணம்தான். ஒருநாள் அவரைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். அதற்கு முதலில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் எனக்குத் தெரிய வேண்டும்.

இரண்டு வருஷம் எழுதினேன். மேடத்துக்கு வேலை தெரியாது என்று சொல்ல எனக்கு ஆசைதான், முடியவில்லை. ஸ்டீயரிங்மேல் இடது கை விரல்கள் குதிரையின் ஓட்டத்துக்குத் தாளம் தட்டிக்கொண்டே இருக்கும். தாளம் தப்பினால் விரல் நிற்கும், அப்போதே எண் வரும். "காலைப் பாரும் பிள்ளை, ஆளைப் பாக்க வேண்டாம்," என்பார். சொல்வது அப்படி. ஆனால் குதிரை உள்ளே நுழைவதற்கு முன்பே அவர் கண் பிள்ளையின் பூட்ஸுக்குப் போகும். தோல் பூட்ஸுக்கு ஆறிலிருந்து ஆரம்பம். ரப்பர் பூட்ஸுக்கு ஐந்திலிருந்து. அவருக்கே அது தெரிந்திருக்காது என்று சில நாள் நினைப்பேன். தெரியும் என்று சில நாள். கடையில் வாங்கிய, காம்பார் ஊருக்குப் பெயர்போன கோழி பிஸ்கட்டில் பாதியை ஒவ்வொரு இடைவேளையிலும் ஒரு டிஷ்யூவில் வைத்து எனக்குத் தருவார். சாப்பிடுவேன். சாப்பிட்டுவிட்டு, அன்றைக்கு எந்தெந்தப் பிள்ளைக்கு எத்தனை குறைந்தது என்று வீட்டில் ஒரு நோட்டில் எழுதிவைப்பேன். பழைய தாளைப் பற்றி அவர் ஒருமுறைகூடப் பேசவில்லை. மறந்துவிட்டார் என்று முடிவு செய்தேன். அதுதான் அதிகம் எரிந்தது. என்னை அடித்த கை, அடித்ததை நினைவில் வைத்திருக்கக்கூட இல்லை.

பிறகு ஆசிரியர் பயிற்சி, வேலை, கல்யாணம், பிள்ளை. மகளுக்கு ஏழு வயது. அவள் சைக்கிளில் ஏறினாலே பின்னால் ஓடிப் பிடித்துக்கொள்வேன், குதிரைப் பக்கம் விட்டதே இல்லை. ஆனால் போன வருஷம் பழகுநர் பிரிவு நடுவருக்கான பயிற்சியில் சேர்ந்து தேறினேன். கணவர், "உனக்கு இருக்கிற வேலை பத்தலையா?" என்று கேட்டார். சின்னப் பிள்ளைகளுக்கு நியாயமான அளவு வேண்டும் என்று சொன்னேன். அது உண்மை. அதற்கு அடியில் இருந்த உண்மையைச் சொல்லவில்லை. ஐந்துக்குக் கீழே போனால் காரணம் எழுதாமல் விடமாட்டேன் என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன். அந்தக் காலிக் கட்டம் அத்தனை வருஷம் என்னை வாட்டியிருந்தது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அதே மேட்டில், அதே களத்தில், 'சி' எழுத்துக்கு நேராக என் காரை நிறுத்தினேன். கணவருக்கு அன்று லூமுட்டில் வேலை. மகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் பின் இருக்கையில் உட்காரவைத்து, வண்ணப் பென்சிலும் தண்ணீர்ப் புட்டியும் கொடுத்து, சத்தம் போடக்கூடாது என்று சொல்லியிருந்தேன். அது சரியா, விதிமுறைக்கு உட்பட்டதா என்ற கவலை காலையிலிருந்து. எனக்கு எழுதியது காம்பார் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு பெண். எட்டாவதாக ஒரு ஒன்பது வயதுப் பிள்ளை மட்டக் குதிரையில் வந்தாள். பழகுநர் பிரிவில் பிள்ளைகளுக்கு வரிசை மறந்துவிடும் என்பதால், களத்துக்கு வெளியே ஒருவர் நின்று அடுத்தது என்ன என்று வாசித்துச் சொல்லலாம். வாசிக்க நின்றவர் மேடம். முடி முழுக்க நரைத்து, ஒரு கையில் தடி. அந்தப் பிள்ளை அவர் தங்கையின் பேத்தி என்று பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது குரல்தான். அதே குரல், பாதி இறங்கிய கண்ணாடி வழியாக உள்ளே வந்தது.

பிள்ளை சுமாராகத்தான் ஓட்டினாள். நுழைவு வளைந்தது, நின்றது கோணல். ஐந்து, ஐந்தரை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். வட்டம் வந்தது. வட்டம் நன்றாக இருந்தது. பெரிய அழகு ஒன்றுமில்லை. உருண்டையாக, ஒரே சீராக, பிள்ளை கையைத் தளர்த்தி உட்கார்ந்திருந்தாள். "ஆறு," என்றேன். எழுதுகிற பெண் எழுதினாள். வட்டத்தை முடித்து மேடத்தைக் கடக்கும்போது பிள்ளை அவரைப் பார்த்துச் சிரித்தாள். மேடம் தலையை மெல்ல ஆட்டினார். அவ்வளவுதான். யாரும் யாருக்கும் செய்வது. என் வாயிலிருந்து, "அடி. நாலு போடு. வட்டம் நீள்கிறது என்று எழுது," என்று வந்தது. எழுதுகிற பெண் என்னை ஒரு கணம் பார்த்தாள். அடித்தாள், எழுதினாள்.

பின்னாலிருந்து என் மகள் மெதுவாக, "மா, ஆறுன்னுதானே சொன்னீங்க?" என்றாள்.

"பேசக்கூடாதுன்னு சொன்னேன்ல," என்றேன்.

அடுத்த ஐந்து பிள்ளைகளும் எப்படி ஓட்டினார்கள் என்று என்னைக் கேட்டால் சொல்லத் தெரியாது. தாளில் எண்கள் இருக்கின்றன, சரியாகத்தான் இருக்க வேண்டும். மேடம் காரணம் எழுதாமல் விட்டார். நான் காரணம் எழுதிவிட்டேன், இல்லாத காரணத்தை. எது மோசம் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஆனாலும் உள்ளே ஒரு மூலையில் இனித்தது. அதை மறைத்து எழுதினால் இந்தக் குறிப்புக்கே அர்த்தமில்லை. நன்றாக இனித்தது.

முடிவு அறிவித்த பிறகு அரை மணி நேரம், கேள்வி இருந்தால் நடுவரிடம் வரலாம். மேடம் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். நான் காரைவிட்டு இறங்கி நின்றேன். பழக்கம். அவர் தாளை என் கார் பானட்டின்மேல் வைத்து, ஏழாவது வரியில் விரலை வைத்தார்.

"வட்டம் உருண்டையாத்தானே இருந்தது," என்றார்.

நான் பின் இருக்கையில் இருந்த மகளைத் திரும்பிப் பார்த்தேன்.

"பரவாயில்ல. ஆனா மாத்தினா பக்கத்தில கையெழுத்து வைக்க வேணும் பிள்ளை." விரல் அங்கேயே இருந்தது. "நான் வைச்சனான்."

பத்தொன்பது வருஷமாக அவர் மறந்துவிட்டார் என்று நினைத்திருந்தேன். காரில் எனக்குப் பிஸ்கட் பகிர்ந்த ஒவ்வொரு இடைவேளையிலும் அவருக்கு அது நினைவிருந்திருக்கிறது. அவர் பேனாவை எடுத்து நீட்டினார். நாலின் பக்கத்தில் கையெழுத்து வைத்தால் முடிந்தது, விதிப்படி எல்லாம் சரி. நான் என் பேனாவை எடுத்தேன். நாலை அடித்தேன். ஆறு எழுதினேன். "வட்டம் நீள்கிறது" என்பதையும் அடித்தேன். பக்கத்தில் கையெழுத்து வைத்தேன். அவர் கண்முன்னாலேயே செய்தேன், மெதுவாகச் செய்தேன். இது இவ்வளவு சுலபம், ஒரு நிமிஷம்கூட ஆகாது, நீங்கள் செய்யவில்லை என்று அவர் பார்க்க வேண்டும் என்பதற்காக. அந்தப் பிள்ளைக்காகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசை. பாதி அவளுக்காக என்று வைத்துக்கொள்கிறேன். வரிசை மாறவில்லை. ஆறாவதாக வந்தவள் ஆறாவதாகவே இருந்தாள்.

மேடம் தாளை மடித்தார். மடித்துவிட்டு உடனே போகவில்லை.

"உம்மட தாள் இருக்கோ?" என்று கேட்டார்.

எந்தத் தாள் என்று நான் கேட்கவில்லை.

"இருந்தா கொண்டாரும். திருத்திக் கையெழுத்து வைச்சுத் தாறன். இனி அதால ஒண்டும் இல்ல, தெரியும். எண்டாலும்."

தாள் என் கைப்பையில் இருந்தது. நடுவராக உட்காரும் நாளெல்லாம் அதை எடுத்துப்போவேன். பை காரின் முன் இருக்கையில், எங்கள் இருவருக்கும் நடுவே கதவு திறந்தபடி. கையை நீட்டினால் எடுத்துவிடலாம். அவர் நாலை அடித்து ஏழு என்று எழுதியிருப்பார். எத்தனையோ வருஷம் நான் வேண்டியிருந்தது அதைத்தான்.

"இல்ல மேடம்," என்றேன். "எப்பவோ தொலைஞ்சு போச்சு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். குதிரையின் காலைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு, "சரி பிள்ளை," என்று சொல்லிவிட்டு, தடியை ஊன்றிக்கொண்டு சரிவில் இறங்கிப் போனார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இந்த இரண்டு மாதமும் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். திருத்திக் கொடுத்துவிட்டால் அவர் அன்றிரவு நிம்மதியாகத் தூங்குவார். என் ஒரு வருஷம் திரும்பாது. காலையில் குதிரை நடத்தக் கூப்பிடுவதை நிறுத்திவிட்ட அப்பா திரும்பமாட்டார். அவர் போய் ஆறு வருஷமாகிறது. ஏழு மட்டும் திரும்பி வரும், அதுவும் மேடம் போட்ட பிச்சையாக. வயதான ஒரு அம்மா, தானாக வந்து கேட்டவர், அவருக்கு இதைக்கூடக் கொடுக்காதவள் என்ன மனுஷி என்று ஒரு குரலும் உள்ளே இருக்கிறது. அந்தக் குரலுக்கு நான் காது கொடுக்கிறேன், இரவெல்லாம் கொடுக்கிறேன். ஆனால் பையைத் திறக்கவில்லை. மகளிடம் மட்டும், ஆறு என்றுதான் முதலில் சொன்னேன், நீ கேட்டது சரி, அம்மா செய்ததுதான் தப்பு என்று சொன்னேன். அவள், "அப்ப சாரி சொன்னீங்களா?" என்றாள். மாத்தி எழுதினேன் என்றேன். அது போதுமா என்று அவள் கேட்கவில்லை.

மேடம் ஈப்போவில்தான் இருக்கிறார். தமிழ்ப் பத்திரிகை ஒன்று விடாமல் படிப்பவர். இதைப் படித்தால் தாள் தொலையவில்லை என்று தெரிந்துகொள்வார். தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நகல் கடை இயந்திரத்தின் மறுபக்கம் தாள் மெல்ல மெல்ல வெளியே வந்தது. முதலில் தலைப்பு, பிறகு நுழைவு, பிறகு நிற்பது, பிறகு ஏழாவது வரி. அடிபட்ட ஏழு, நாலு, இரண்டெழுத்து, காலிக் கட்டம், எல்லாம் பிளாஸ்டிக்குக்கு அடியில் பளபளவென்று. கடைக்காரர் ஓரங்களை வெட்டிக் கொடுத்தார். இன்னும் சூடாக இருந்தது, ஆறும்வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கடை வாசலில் நின்றேன். இனி அதில் பேனா ஓடாது. மேடத்தின் பேனாவும்தான், என்னுடையதும்தான்.